ஒல்லாந்தர் காலத்துச் சட்டையா இது? பாலையூற்றில் கிடைத்த ஊதாப் பட்டுச் சட்டை

திருமலைத் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். சாறி பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டை, கல்யாணச் சீசன் வந்தால் லெஹங்கா, இவைதான் எனக்குப் பழக்கம். பாலையூற்றில் இருக்கிற, ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கி அன்ரி தன் தகரப் பெட்டியில் இருந்து பழைய பட்டுச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய அம்மம்மாவின் தாய் கோயிலுக்குப் போட்டதாம். அந்த வீட்டில் சின்னப் பிள்ளை முதற்கொண்டு எல்லோரும் அதை ஒல்லாந்தர் காலத்துச் சட்டை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.

இடுப்புக்குச் சற்றுக் கீழே வரைக்கும்தான் இருக்கிறது, பாவாடை இல்லை. வெளியில் ஊதாப் பட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் மண்ணிறமாகிவிட்டது, கை மடிப்பின் உட்பக்கம் மட்டும் இன்னும் பளிச்சென்ற ஊதா. கழுத்துப் பட்டி நிமிர்ந்து நிற்கிறது, அதில் கறுப்பு மணி வேலை. கை மணிக்கட்டு வரை ஒட்டியபடி, தோளில் மட்டும் கொஞ்சம் புடைத்திருக்கிறது. உள்ளே திருப்பினால் பளபளப்பான மண்ணிறப் பருத்தி லைனிங், தையலுக்குத் தையல் விறைப்புக்குக் குச்சி வைத்திருக்கிறார்கள், எண்ணினேன், 13. இடுப்பில் தனியாக ஒரு நாடா, அதற்கும் கொக்கி. அதைவிட விசித்திரம், சட்டையை இரண்டு தடவை பூட்ட வேண்டியிருக்கிறது. முதலில் லைனிங் நடு நெஞ்சில் கொக்கியால் பூட்டுகிறது, பிறகு மேல் பட்டு அதைக் கடந்து இடப்பக்கம் போய்த் தோளிலும் பக்கத்திலும் பூட்டுகிறது. இத்தனை வருசம் ஊசி பிடித்தும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

இனி என் பிரச்சினை. எங்கள் பங்கு இளைஞர்கள் ஒரு நாடகம் போடுகிறார்கள், 1852இல் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டினை இங்கே அடக்கம் செய்த கதை. இந்தச் சட்டையைப் பார்த்து அதே மாதிரி நான்கு தைத்துத் தா என்கிறார்கள். அன்ரியின் பேத்தியோ இதையே கழுவி எடுத்துப் போட்டுப் படம் பிடிக்கப் போகிறாளாம். எந்தக் காலத்தது, நாடகத்துக்குப் பொருந்துமா, கழுவலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் போட அன்ரிக்கு விருப்பமில்லை, மன்னிக்க வேண்டும்.


ஊசிநூல்:

தங்கச்சி, முதலில் அந்தப் பேத்தியின் கையில் இருந்து சட்டையை வாங்கி வையுங்கள். கழுவ வேண்டாம். காரணத்தை யாராவது விவரமாகச் சொல்வார்கள், நான் காலத்துக்கு வருகிறேன்.

ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தது 1795இல். அந்தக் காலத்துப் பெண் சட்டை என்றால் முன்பக்கத்தைக் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள், அல்லது சுருக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இப்படி வரிசையாகக் கொக்கி வைத்து, நிமிர்ந்த கழுத்துப் பட்டியோடு வராது. நீங்கள் தையலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே, கை வேலையா மெஷினா? உள்ளே நீளத் தையலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சீராக இருந்தால் மெஷின். தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோ 1846இல் காப்புரிமை எடுத்தார், சிங்கர் 1851இல் எடுத்தார், தையற்கடைகளில் அது பரவியது 1860களில். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல்.

இனி உள்பக்கம். நீங்கள் சொன்ன அந்தப் பளபளப்பு லைனிங்கைக் கவனியுங்கள். பட்டில் ஒரு துண்டு, அதே அளவில் பருத்தியில் ஒரு துண்டு, இரண்டையும் நூலோட்டம் போட்டு ஒட்டி, ஒரே துணி மாதிரி வைத்துத்தான் அடுத்த துண்டோடு பொருத்தியிருப்பார்கள். நாம் இப்போது செய்வதுபோல் லைனிங்கைத் தனிச் சட்டையாகத் தைத்து உள்ளே போடுவதில்லை. அதனால்தான் தையல் ஓரமெல்லாம் உள்ளே திறந்து கிடக்கும், நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்திருப்பார்கள், இடுப்பு வளைவில் ஓரத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி விட்டிருப்பார்கள். பாருங்கள், இருக்கும்.

இடுப்பு நாடாதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதுகுப் பக்கத் தையல்களில் மட்டும் அதைப் பிடித்து வைத்துவிட்டு முன்பக்கம் சும்மா விட்டிருப்பார்கள். போடும்போது முதலில் அதைத்தான் பூட்ட வேண்டும். இழுவை முழுக்க நாடாவுக்குப் போய்விடும், நெஞ்சுக் கொக்கிகளுக்குப் பாரம் வராது, சட்டை மேலே ஏறவும் ஏறாது. மெல்லிய பட்டை அவ்வளவு இறுக்கமாக உடம்பில் உட்கார வைத்தது வெளித்துணி இல்லை, உள்ளே இருக்கிற இந்த நாடாவும் லைனிங்கும் குச்சியும்தான். அப்புறம், கொக்கிகளைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் முழுக்கக் கொக்கி, மறுபக்கம் முழுக்கக் கண் என்று இல்லாமல், கொக்கி, கண், கொக்கி, கண் என்று மாற்றி மாற்றித் தைத்திருக்கிறதா? அப்படித் தைத்தால் உடம்பு அசையும்போது தானாகக் கழராது. இன்றைக்குப் பிளவுஸுக்கும் செய்யலாம், ஆனால் நேரமில்லை என்பார்கள்.

இரட்டைப் பூட்டும், தோளில் மட்டும் சின்னப் புடைப்பும் சேர்ந்து வந்தால் நான் 1889க்கும் 1892க்கும் இடையில் வைப்பேன். அந்த வருசங்களில் சட்டை எங்கே திறக்கிறது என்று வெளியில் தெரியக்கூடாது என்பதுதான் நாகரிகம். தோள் புடைப்பு அதற்குப் பிறகு ஊதிக்கொண்டே போய் 1895 அளவில் தலையணை அளவு ஆகிவிட்டது. உங்களுடையது அதற்கு முன்.

பாவாடை ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாவாடையில் நீளநீளமாக நல்ல துணி இருந்தது, அதை வெட்டிப் பிள்ளைகளுக்கு ஏதாவது தைக்கலாம். மேற்சட்டையோ சின்னச் சின்னத் துண்டு, பிரித்தாலும் ஒன்றுக்கும் உதவாது. அதனால்தான் எங்கே பார்த்தாலும் மேற்சட்டை மட்டும் தப்பிப் பிழைத்திருக்கும்.


உவர்மலை வாசி:

ஊசிநூல் அக்கா சொல்கிற காலம் சரியென்றால் நாடகத்துக்கு இது உதவாது தங்கச்சி. 1852க்கும் 1890க்கும் நடுவே கிட்டத்தட்ட 40 வருசம். மேடையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்பார்கள்தான், ஆனால் கல்லறை இங்கே எஸ்பிளனேட் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வந்து நாடகம் பார்க்கிறவனும் இருப்பான்.

ஆண் உடுப்பு பற்றி நான் சொல்கிறேன். ஒஸ்டின் 1852 ஒக்டோபர் 7ஆம் தேதி பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியில் இறந்தவர். அந்த வருசத்து அதிகாரிகளின் முழு உடுப்பு கருநீலக் கோட்டு, வெள்ளை முகப்பு (கழுத்துப் பட்டியிலும் கையிலும் தெரிகிற மாற்று நிறத் துணி), தோளில் தங்க நூல் குஞ்சம். முகப்பு 1830இல் இருந்து 1843 வரை சிவப்பு, பிறகு திரும்ப வெள்ளை, ஆகவே சிவப்பு வைத்துவிடாதீர்கள். கையில் தங்கப் பட்டியின் மேலே ஒரு வளையம் போடுவார்களே, படங்களில் எல்லாம் வருமே, அது 1856இல்தான் வந்தது.

சாதாரண மாலுமிகளுக்கு இன்னும் சுலபம். பிரித்தானியக் கடற்படையில் மாலுமிக்கென்று சட்டப்படி ஒரு சீருடை வந்ததே 1857இல்தான். அதற்கு முன் கப்பலில் வாங்கிய துணியைத் தாங்களே தைத்துப் போட்டார்கள். அகன்ற கால்சட்டை, குட்டை நீலச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கைக்குட்டை போதும். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் அதுதான் சரி. பெரிய கொலரில் மூன்று வெள்ளைக் கோடு நெல்சனின் மூன்று வெற்றிக்காக என்று ஒரு கதை உண்டு, அதை வசனத்தில் சேர்த்துவிடாதீர்கள், வெறும் கட்டுக்கதை.


திருமலைத் தையல்காரி:

நன்றி அக்கா, அண்ணா. வெளிச்சத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். நீளத் தையல் எல்லாம் மெஷின், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஓரம் கைவேலை, இடுப்பில் நறுக்கியும் இருக்கிறது. கொக்கி மாற்றி மாற்றித்தான், அக்கா நேரில் பார்த்த மாதிரிச் சொல்லிவிட்டீர்கள். ஒரு குச்சியின் உறை கிழிந்து நுனி வெளியே தெரிகிறது, துருப்பிடித்த இரும்பு போல. மற்றவையும் அதேதானா, திமிங்கில எலும்பு என்று சொல்வார்களே அதுவா? மணி கண்ணாடியா கல்லா? நெஞ்சில் கறுப்பு ரேந்தை (லேஸ்) ஒன்றும் இருக்கிறது. அது காலி ரேந்தை என்கிறார் அன்ரி.


கொட்டாஞ்சேனை மணி:

காந்தம் ஒன்றை உறைக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள், இழுத்தால் இரும்பு. திமிங்கில எலும்பு என்பது உண்மையில் எலும்பே இல்லை, சில திமிங்கிலங்களுக்குப் பல்லுக்குப் பதிலாக வாயில் தொங்குகிற தகடு. சூடாக்கினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும், ஒடிந்தால் நார் நாராகப் பிரியும். விலை ஏறிப்போனதால் 1880களில் இருந்து உருக்கும் கொம்பும் இறகுத் தண்டில் செய்த குச்சியும் அதன் இடத்தைப் பிடித்தன. கடற்காற்றுள்ள ஊரில் உருக்குக் குச்சியின் கதி உங்களுக்கே தெரியும்.

கறுப்பு மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பாரமாக இருந்தால் கண்ணாடி. அசல் ஜெட் என்பது மரம் நிலத்துக்குள் புதைந்து கறுத்தது, இங்கிலாந்தில் விட்பியில் வெட்டி எடுத்தார்கள், எடையே இருக்காது, குளிரவும் குளிராது. 1861இல் கணவர் இறந்தபின் விக்டோரியா மகாராணி கடைசிவரை கறுப்பிலேயே இருந்ததால் அது பெரிய வியாபாரமாகி, மலிவுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கூடவே வந்தது. சட்டை முழுக்க மணி தைத்திருந்தால் அநேகமாகக் கண்ணாடிதான். ஊதாத் துணியில் கறுப்பு மணி இருப்பதால் துக்கச் சட்டை என்று முடிவு கட்டவும் வேண்டாம், அது அழகுக்கும் போட்டார்கள்.

ரேந்தைக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். காலிப் பக்கம் தலையணையில் குண்டூசி குத்திக் கட்டையில் நூல் சுற்றிப் பின்னுகிற ரேந்தையில், பூவின் உடம்புக்குள் நூல் மேலும் கீழுமாக நெசவு மாதிரிப் போய்வரும். மெஷின் ரேந்தையில் அது வரிவரியாக முறுக்கி நிற்கும். ஜோன் ஹீத்கோட் என்பவர் 1809இலேயே வலை பின்னும் மெஷினுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார், ஆகவே 1890இல் மெஷின் ரேந்தை என்றால் குறைவான பொருள் இல்லை, சாதாரணமாக வாங்கியதுதான். அன்ரி மனம் கோண வேண்டாம்.


பெட்டகம்:

நூதனசாலைப் பொருள் பராமரிப்பில் கொஞ்சக் காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கழுவுகிற விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பட்டுப் பூச்சி சுற்றுகிற நூலில் ஒரு பசை இருக்கிறது. அவித்து அதை எடுத்தால் நூலின் எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும். பட்டை எடைக்கு விற்கிறவனுக்கு இது நட்டம். அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீய உப்பு, இரும்பு உப்பு எல்லாம் ஏற்றிப் போன எடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், சில வேளை அதற்கு மேலேயும். புதிதாக இருக்கும்போது நல்ல கனமாக, நடந்தால் சரசரவென்று சத்தம் போடும். வயசானால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் நேர்கோட்டில் வெடித்துப் பொடிந்து போகும், வெட்டுக் கத்தியால் கீறினமாதிரி. உங்கள் சட்டையில் முழங்கை மடிப்பில், இடுப்பில் அப்படி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணீரில் போட்ட அன்றே கதை முடிந்தது. ஊதாச் சாயமும் கரைந்து லைனிங்கில் ஏறும். வெள்ளீய உப்பு ஏறிய பட்டுக்கு மருந்து இல்லை, அசைவைக் குறைத்து வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது ஒன்றுதான் வழி.

சாயம் பற்றி ஒன்று. வில்லியம் பேர்க்கின் 1856இல் தன் 18 வயதில் கொயினா மருந்து செய்யப் போய் நிலக்கரித் தாரில் இருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பும் ஊதா இருந்தது, கற்பாசியில் இருந்து எடுப்பார்கள், ஆகவே ஊதா என்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல ஏலாது.

பேத்தி போடவும் கூடாது. ஒருமுறை கை நீட்டினால் அக்குள் கிழியும், அங்கேதான் வேர்வை உப்பு நூறு வருசமாகத் தின்றுகொண்டிருக்கிறது. மேசையில் விரித்து வைத்துப் படம் எடுக்கட்டும்.

வைக்கிற முறை. தகரப் பெட்டி வேண்டாம், துருப்பிடிக்கும். பொலித்தீன் பை அதைவிட மோசம், மாரி மழை நேரம் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பலமுறை துவைத்துக் கஞ்சி போன வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை எடுத்து, அதையே உருட்டிக் கைகளுக்குள்ளும் தோளுக்குள்ளும் வையுங்கள், மடிப்பு கூராக விழக்கூடாது. படுக்கையாக வைக்க வேண்டும், ஹேங்கரில் தொங்கவிட்டால் மணியின் பாரத்துக்கே கழுத்து பிய்ந்துவிடும். பூச்சி உருண்டை துணியில் படக்கூடாது. துருக்கறைக்கு எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிற நம் வீட்டு வைத்தியத்தை இதில் காட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.


திருமலைத் தையல்காரி:

முழங்கையில் கீறல் மாதிரி வெடிப்பு இருக்கிறது, சொன்னது அப்படியே. காந்தமும் எல்லாக் குச்சியிலும் இழுக்கிறது. பேத்திக்கு விளங்கப்படுத்தியாயிற்று, முகம் சுருங்கியது, பரவாயில்லை. அன்ரிதான் இன்னும் ஒல்லாந்தர் என்கிறார், நான் விட்டுவிட்டேன்.

சரி, 1852க்கு என்ன தைக்கிறது? இதைப் பார்த்துப் பழகின கை இனி எதையும் தைக்கும்.


ஊசிநூல்:

1852 உங்களுக்கு இன்னும் பிடிக்கும், கைவேலைக்காரிகளின் காலம்.

தோள் தையலைத் தோளின் மேலே வைக்காதீர்கள், முதுகுப் பக்கம் சரிந்து இறங்க வேண்டும். கைக்குழியும் தோளைத் தாண்டிக் கீழே விழும், கையை உயர்த்தினால் சட்டை இழுக்கும், அது உங்கள் பிழை இல்லை, அன்றைய வெட்டு அப்படி. நடிக்கிற பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கையை விரித்து அழுகிற காட்சி வேண்டாம். முன்பக்கம் இடுப்பில் இருந்து டார்ட் (துணியைக் கூராக மடித்துப் பிடிக்கிற தையல்), அதில் குச்சி. கைக்குழி, கழுத்து, இடுப்பின் கீழ் ஓரம் எல்லாவற்றிலும் மெல்லிய பைப்பிங் வர வேண்டும், அதே துணியைக் குறுக்காக வெட்டி, உள்ளே மெல்லிய பருத்திக் கயிறு வைத்து. நம் பிளவுஸ் பைப்பிங்கில் பாதிக் கனம். அதுதான் அந்த இருபது முப்பது வருசத்து முத்திரை. அன்ரியின் சட்டையில் கைக்குழியில் அது இல்லை, கவனித்தீர்களா?

கை முழங்கைக்குக் கீழே மணி மாதிரி விரியும், உள்ளே வெள்ளை வொயிலில் தனிக் கை செய்து முழங்கைக்கு மேலே நாடாவால் கட்டிவிடுங்கள். கழற்றித் துவைக்கத்தான் அப்படி வைத்தார்கள், திருமலை வேர்வைக்கு நல்ல ஏற்பாடு.

பாவாடைக்கு நாலரை மீட்டர் சுற்றளவாவது வேண்டும், அதை 26 அங்குல இடுப்புக்குள் கொண்டுவருவதுதான் வித்தை. மெஷின் சுருக்கு போட்டால் பொதியாகப் புடைக்கும். மேல் ஓரத்தை ஒருமுறை மடித்து, கால் அங்குல இடைவெளியில் நேராக நூலோட்டம், அதற்குக் கீழே அச்சாக அதே இடங்களில் இரண்டாவது ஓட்டம், இரண்டையும் சேர்த்து இழுங்கள். மடிப்பு மடிப்பாகக் குழல் வரிசை போல நிற்கும். ஒவ்வொரு மடிப்பின் நுனியையும் இடுப்புப் பட்டியில் தனித்தனியாக இரண்டு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். துணி மெல்லிசென்றால் மடிப்புக்குள் பழைய பிளனல் கீலம் ஒன்று வைத்தால் நன்றாக எழும்பி நிற்கும். வேலை கூட, ஆனால் தொங்குகிற அழகு வேறு.

வளையக் கம்பிக் கூடு போட வேண்டாம், அது 1856இல் வந்தது. கஞ்சி போட்ட உட்பாவாடை மூன்று நான்கு அடுக்குதான் சரி. கீழ் ஓரத்தின் உள்ளே அரை முழ அகலத்துக்குத் தடித்த பருத்தியும், நுனியில் கம்பளி நாடாவும் வைத்துத் தையுங்கள், நிலத்தில் உரசித் தேய்வது நாடாதான், மாற்றிவிடலாம்.


உவர்மலை வாசி:

நான்கு பெண்களுக்கு நாலு அடுக்கு உட்பாவாடை, ஓகஸ்ட் வெயிலில், பங்கு மண்டபத்தில். காற்றாடிக்கும் சேர்த்துக் காசு சேருங்கள்.


திருமலைத் தையல்காரி:

நாடகம் ஜனவரியில் அண்ணா, தப்பினோம். அக்கா, குச்சிக்கு என்ன போடுகிறது? இங்கே துணிக்கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள்.


ஊசிநூல்:

ஹாட்வெயார் கடைக்குப் போங்கள், துணிக்கடைக்கு இல்லை. வயர் கட்டுகிற அகலமான பிளாஸ்டிக் கட்டு, கேபிள் டை என்று கேட்டால் தருவார்கள், 8 அல்லது 9 மில்லிமீட்டர் அகலம் எடுங்கள். தலையை வெட்டி, இரண்டு நுனியையும் மெழுகுதிரியில் லேசாகக் காட்டி வட்டமாக்கி, பருத்தி நாடா உறைக்குள் போடுங்கள். டார்ட்டின் உச்சிக்கு ஒரு அங்குலம் கீழேயே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் குத்தும். முதலில் பழைய பெட்ஷீட்டில் ஒன்று வெட்டித் தைத்துப் பாருங்கள், தோள் அளவு வந்தால் எழுதுங்கள், கழுத்துக்கு வைக்கிற வெள்ளை உட்துணியைப் பற்றி அப்போது சொல்கிறேன்.